நாக்கில் உட்கார்ந்தவரும் நாற்காலியில் உட்கார்ந்தவனும்

ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்காருகிறவன் மறந்தும் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு, அது ‘வாங்க.’

தமிழில் அதைவிட நல்ல வார்த்தை கிடையாது என்பதுதான் கஷ்டம். ஆகாதவன் வாசலில் வந்து நின்றாலும் முதலில் அதைத்தான் சொல்கிறோம். கிளம்புகிறவர் ‘போறேன்’ என்றால்கூட நமக்குப் பொறுக்காது. ‘போயிட்டு வரேன்னு சொல்லுப்பா’ என்று திருத்தித்தான் அனுப்புகிறோம். அந்த வார்த்தைக்குத் தடை உள்ள இடங்கள் இரண்டு. ஒன்று சாவு வீடு. அங்கே சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் மரியாதை. இன்னொன்று, நான் ராத்திரி வேலை பார்க்கிற மந்தைவெளி நர்ஸிங் ஹோம்.

அதற்கு முன்னால் எனக்குத் தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை. வாசலில் நின்று கூப்பிடுகிற வேலை. உள்ளே வருகிறவருக்கு, “வாங்க வாங்க, பாருங்க, பார்க்கிறதுக்குக் காசில்லை.” வெளியே போகிறவருக்கு, “மறுபடியும் வாங்க, குடும்பத்தோட வாங்க.” காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்குகிறவரை இதே பல்லவி. அந்தக் கடையில் உட்காரக்கூடாது. கூட்டம் இல்லாத ஆனி மாசத்து மத்தியானத்திலும் உட்காரக்கூடாது. உட்கார ஸ்டூலே கிடையாது. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு பச்சைக்கொடி மாதிரி புடைத்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவனுக்கு, எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலையை யார் கொடுப்பார்கள்? கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை. ஒயர் பின்னிய மர நாற்காலி. முதல்நாள் அதில் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

காலுக்காகக் கிடைத்த அந்த நாற்காலியை நாக்கு பறிக்கப் பார்த்த கதைதான் இது. எதையோ சொல்லித் தொலைத்துவிட்டு, பிற்பாடு பஸ்ஸில் போகும்போது அது திடீரென்று ஞாபகம் வந்து ‘ஐயோ’ என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்க, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நமக்குள் அறிமுகம் தேவையில்லை.

பார்க்கிறதுக்குக் காசில்லை

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வந்தது முதல் ஆட்டோ. அபிராமபுரத்திலிருந்து ஒரு பெரியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் ஆட்டோக்காரர். கதவைத் திறந்ததும் நான் எழுந்தேன். கை தானாகக் குவிந்தது. வாயும் தானாகத் திறந்தது. “வாங்க வாங்க, உள்ளே வந்து பாருங்க, பார்க்கிறதுக்குக் காசில்லை!”

மகன் அப்படியே நின்றுவிட்டார். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வலியில் கண்ணை மூடியிருந்த பெரியவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து சொன்னார்: “டேய் ரவி, இது ஆஸ்பத்திரியா ஜவுளிக்கடையான்னு விசாரிச்சுட்டு அப்புறம் என்னை இறக்குடா.”

ஏழரை மணிக்கு முன்னால்

மயிலாப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் டிஸ்சார்ஜ் ஆகிற நேரத்தை டாக்டர் முடிவு செய்வதில்லை, பஞ்சாங்கம் முடிவு செய்கிறது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போக மாட்டார்கள். திங்கட்கிழமை என்றால் ஏழரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும். அதனால் விடியற்காலையிலேயே பையும் பிளாஸ்க்குமாக வரிசையில் நிற்பார்கள். பகல் ஆள் வருவதற்கு முன்னால் என் தலையில்தான் விடியும்.

பித்தப்பையில் கல் எடுத்த ஒரு வங்கி மானேஜர் அப்படிக் கிளம்பினார். நெற்றி நிறைய விபூதி. மனைவி கையில் கபாலி கோயில் பிரசாதம். மச்சினர் வாசலில் டாக்ஸியோடு தயார். நான் கவரில் ரசீதை வைத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி சொன்னேன்: “மறுபடியும் வாங்க, குடும்பத்தோட வாங்க.” அந்த அம்மாள் ‘சிவ சிவா’ என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போது அபசகுனம் கேட்டாயிற்று. இனித் திரும்பி அறைக்குப் போய், ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும். போனார்கள், குடித்தார்கள், உட்கார்ந்தார்கள். அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. ஒன்பது மணிவரை டாக்ஸி நின்றது. அந்த அறைக்கு வரவேண்டிய நோயாளி வராந்தாவில் கிடந்தார். மச்சினர் என்மீது புகார் எழுதினார். மானேஜர் மட்டும் வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: “அவன் அன்பாத்தான் கூப்பிடறான்டீ, குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பெரிய ரூம் இருக்கான்னு கேட்டு வெச்சுக்கோ.”

அடுத்ததுக்கும் இங்கேயே

பிரசவ வார்டுக்காரர்களிடமாவது அந்த வார்த்தை செல்லும் என்று நினைத்தேன். பிரசவம் வியாதியில்லையே. இரண்டாவது குழந்தையோடு கிளம்பிய ஒரு பெண்ணிடம், “அடுத்ததுக்கும் இங்கேயே வந்துடுங்க” என்றேன். புருஷன் பல்லைக் காட்டினான். அவள் முகத்தில் ரத்தமில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: “அடுத்த தபா இந்தாளப் படுக்க வையுங்க சார், நான் வெளிய குந்திகினு காபி குடிக்கிறேன்.”

தேவகியின் ஆராய்ச்சி

இத்தனைக்கும் பிறகு நர்ஸிங் ஹோமில் எனக்கு ஒரு பட்டம் நிலைத்துவிட்டது: நாக்கில் சனி உட்கார்ந்தவர். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சுதான். ஆனால் நம்மைப் பற்றிச் சொல்லும்போது அது புதிதாகக் குத்துகிறது. எனக்குப் படிப்பில்லாவிட்டாலும் படிக்கிற பழக்கம் உண்டு. இரவல் லைப்ரரியில் ஒரு புத்தகம் விடமாட்டேன். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். பகலில் ஜன்னலுக்குப் போர்வை மாட்டிப் படுத்தாலும் தூக்கம் வராது, இதுதான் ஓடும். சனி தலையில் உட்காரலாம், தோளில் உட்காரலாம். நாக்கில் ஏன்?

புத்தகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் ஆயா தேவகியிடம் கேட்டேன். வராந்தா துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பதை நிறுத்தி, ஏதோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள்: “இன்னா சார் கேக்கற, அவரு ஏற்கெனவே காலு நொண்டி, ஊரெல்லாம் சுத்திகினு வர்றாரு, எங்கயாச்சும் குந்தணும்ல, ஒன் வாயிதான் எந்நேரமும் தொறந்தே கீது!”

சொல்லாமல் அனுப்ப வேண்டியவர்கள்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன்.

பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் தகப்பனார் எங்களிடம் காலமானார். விடியும்போது வேன் வந்தது. வெள்ளைத் துணி சுற்றிய ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்கள். மகன் கடைசியாக வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, அழுத முகத்தோடும் மரியாதை தவறாமல் எனக்குக் கைகூப்பினார். கும்பிடுகிறவரைக் கண்டால் என் வாய் என்ன செய்யும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். “போயிட்டு வாங்க” என்றேன். வேனுக்குப் பக்கத்தில் இருந்த பெண்களின் அழுகைகூட ஒரு நொடி நின்றது. அவர் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மேஜை அருகே திரும்பி வந்து, சின்னப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: “அப்பா இனிமே வரமாட்டாங்க சார்.”

அன்றைக்கு எங்கள் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. என் காலுக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். பேச்சு மட்டும் ஊசி மாதிரி, குத்துவதே தெரியாமல் இறங்கிவிடும். இனி யார் வந்தாலும் போனாலும் நான் தலையை மட்டும் ஆட்டவேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன். வாசல்வரை போனவர் நின்று, நாற்காலியைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்த்தார். “இன்னொரு தடவ ‘வாங்க’ன்னு ஒங்க வாயிலருந்து வந்துச்சுன்னா, சண்முகம், நீங்க திரும்ப நிக்கிற வேலைக்குப் போகலாம்.”

பன்னீர்ச் சொம்பு

வாயைக் கட்டிப்போட்டேன். யார் வந்தாலும் கண்ணைத் தாழ்த்தி, உதட்டை அழுத்தி, மெல்ல ஒரு தலையசைப்பு. பழகிப்போயிற்று. எவ்வளவு பழகியது என்று தெரிந்தது மச்சினியின் கல்யாணத்தில்.

தி. நகரில் மண்டபம். ‘வாசல்ல நின்னு கூப்பிடறதுல இவரை அடிச்சுக்க முடியாது’ என்று மாமனார் பெருமையாக என் கையில் பன்னீர்ச் சொம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார். உறவுக்காரர்கள் பட்டுப்புடவை சரசரக்க வந்தார்கள். நான் கண்ணைத் தாழ்த்தினேன். உதட்டை அழுத்தினேன். மெல்லத் தலையசைத்துப் பன்னீர் தெளித்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா என் முன்னால் நின்று, ‘வாங்க’ வருமா என்று காத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் முகூர்த்தமே ஆட்டம் கண்டது. என் மனைவி சொம்பைப் பிடுங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: “கல்யாணத்துக்கு வந்தவங்கள இழவுக்கு வந்தவங்க மாதிரி பார்க்கறீங்களே, ஒங்களுக்கு எதுதான் வரும்?”

காலும் வாயும்

சேஷாத்ரி மாமாவும் மாமியும் எங்கள் நிரந்தர வாடிக்கை. வாடிக்கை என்று எழுதலாமா? கடைப் புத்தி போகவில்லை. மாமாவுக்கு இழுப்பு. மழை பிடித்தால் வருவார், மார்கழிப் பனிக்கு வருவார், பொங்கலுக்கு வெள்ளையடித்தால் அந்தச் சுண்ணாம்பு வாசனைக்கும் வருவார். மாமி கூஜாவும் விசிறியுமாகப் பின்னாலேயே. மூச்சு சரியாக வந்த வேளையில் அவர் ஜாதகம் பார்ப்பார். டாக்டர் முதல் தேவகிவரை எல்லோருக்கும் பலன் சொல்லியாயிற்று.

என் நாக்குச் சனியின் விசாரணையை அவரிடம் கொண்டுபோனேன். ராத்திரி ஆவி பிடித்து முடித்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். “அது ஜோசியத்துலேர்ந்து வந்த பேச்சுய்யா” என்றார். “ஏழரைச் சனி கடைசியில ரெண்டாம் இடத்துக்கு வருவான். ரெண்டாம் இடம் வாக்கு ஸ்தானம். வாய்தான். அதான் நாக்குல உட்கார்ந்துண்டான்கறது. ஆனா வேடிக்கை என்னன்னா, அதே காலத்துக்குப் பாதச் சனின்னும் பேர். ஒரே சமயத்துல காலையும் பிடிப்பான், வாயையும் பிடிப்பான்.” நான் என் காலைப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்த டூட்டி டாக்டர், அடையாற்றுப் பையன், குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டுச் சொன்னார்: “இங்கிலீஷ்காரங்க, தப்பா ஏதாவது பேசிட்டா, ‘தன் காலைத் தூக்கித் தன் வாயிலயே வெச்சுக்கிட்டான்’னுதான் சொல்லுவாங்க மாமா.” மாமா கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ‘அங்கயும் போயிருக்கான் பார் சனி!’ என்று சிரித்து, இழுப்பு வந்து, மறுபடியும் ஆவி பிடிக்க வேண்டியதாயிற்று. மாமி எங்கள் இரண்டு பேரையும் விசிறியால் அடிக்காத குறைதான்.

அவர்கள் கிளம்பிய காலையில் நான் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினேன். மாமா நகரவில்லை. “என்னய்யா, பழைய பாட்டைக் காணோம்? குடும்பத்தோட வரச் சொல்லுவீரே?” விஷயத்தைச் சொன்னேன். சிஸ்டரின் உத்தரவு, நாற்காலி, எல்லாம். அவர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். சிஸ்டர் மாடியில் இருக்கிறாரா என்று நான் எட்டிப் பார்த்துவிட்டு, மூச்சுக்காற்று மாதிரி, “மறுபடியும் வாங்க மாமா, குடும்பத்தோட வாங்க” என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இது நடந்தது. மாமா நிற்பார், நான் மாடியைப் பார்ப்பேன், திருட்டுத்தனமாகச் சொல்வேன், மாமி வாயைப் பொத்திச் சிரிப்பாள். ஊரே அலறி ஓடுகிற வார்த்தையை இவர் ஏன் கேட்டு வாங்கிப் போகிறார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். மாமா படியில் கால் வைத்தபடி திரும்பினார். “திரும்பி வரவன்னா உசுரோட இருக்கான்னுதானேய்யா அர்த்தம்?”

மாடியைப் பார்க்க வேண்டியிராத காலை

அந்த மார்கழியில் மாமா வந்தார். திரும்பவில்லை.

பொழுது புலர்ந்துவிட்டது. தெருவில் பால் வண்டி போய்விட்டது. வேன் வாசலில் நின்றது. மருமான் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லா சிஸ்டர் என் நாற்காலிக்கு ஒட்டி நின்றார். பாத்திரக்கடைக்காரர் ஞாபகம் அவருக்கும் இருந்திருக்கும், எனக்கும் இருந்தது. இந்தத் தடவை தப்பு நடக்காது என்று நான் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன். மாமி கூஜாவையும் விசிறியையும் எடுத்துக்கொண்டு, பழக்கத்தில், மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணைத் தாழ்த்தினேன். உதட்டை அழுத்தினேன். மெல்லத் தலையசைத்தேன். முறைப்படி எல்லாம் சரியாகச் செய்தேன். அவள் போகவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மாமி காத்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிடலாம். ஒரே சொல். சொன்னால் சிஸ்டர் கேட்பார். மருமான் கேட்பார். புகார் எழுத ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. என் கால் மேஜைக்கடியில் விண்விண்ணென்று தெறித்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா என்று இன்றைக்கும் பகல் தூக்கத்தில் கேட்டுக்கொள்கிறேன். மாமி விசிறியை மேஜைமேல் வைத்தாள், இனி எதற்கு என்பதுபோல. அழவில்லை. மாமா நின்ற மாதிரியே இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “இனிமே என்னை யாரு வான்னு கூப்பிடப் போறா சண்முகம், நீயாவது சொல்லுவேன்னு நெனச்சேன்.”

அன்றிலிருந்து என்மீது ஒரு புகாரும் வந்ததில்லை, நாற்காலிக்கு இரண்டு தடவை ஒயர் மாற்றியாயிற்று, சனி பகவான் எழுந்து போய் ரொம்ப நாளாகிறது.